குண்டூசியின் பால்பல்

உங்கள் மணிக்கட்டில் இருக்கும் கீறல்களைப் பார்த்தால், வீட்டுக்கு நாய்க்குட்டி வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது என்று தோன்றுகிறது சார். கையை மறைக்க வேண்டாம், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பத்து வாரக் குட்டியா? ஈறு தினவெடுக்கிற வயது. அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். அது கடிக்கும்போது நீங்கள் கையை வெடுக்கென்று இழுக்கிறீர்கள், கீறல் நீளமாக இருப்பதிலிருந்தே தெரிகிறது. இழுத்தால் அதற்கு விளையாட்டு. கையை மரக்கட்டை மாதிரி அப்படியே வைத்துக்கொண்டு 'ஆ' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, எழுந்து வெளியே போய்விடுங்கள். அரை நிமிடம் கழித்து வந்தால் போதும். கடித்தால் ஆள் போய்விடுவார் என்பது அதன் மண்டையில் ஏறிவிட்டால், பாதி வேலை முடிந்தது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எழுதுகிற தம்பியை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு அடித்தல் திருத்தல் பிடிக்காது.

நான் பல் செட் செய்கிறவன். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, செட்டாக்கித் திருப்பி அனுப்புவேன். முப்பத்தோரு வருடமாக இதுதான் பிழைப்பு. இந்த வட்டாரத்தில் சிரிக்கிற கிழவர்களில் பாதிப் பேர் என் பல்லால்தான் சிரிக்கிறார்கள். மூன்றாவது மாடியில் வீடு, உள்ளறையில் பட்டறை. நானும் என் தங்கையும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்றைக்கு என் கைக்கு வந்தவள், இப்போது முப்பத்தொன்பது. பல்லின் நிறம் பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணா, இவரு டீ நெறையக் குடிக்கிறவரு. இன்னும் கொஞ்சம் மஞ்சள் வேணும்" என்பாள். சரியாக இருக்கும். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்வோம், வேலை முடிந்ததும் அதே மேசையைத் துடைத்துவிட்டுச் சாப்பிடுவோம். எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அவளுக்கும் இருந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டுப் பார்த்ததில்லை.

போன வருடம் எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒன்பது நாள் ஓடவில்லை. அதைச் சரிசெய்ய வந்தவர்தான் லிஃப்ட்காரர். தங்கை அவருக்கு டீ கொடுத்தாள். லிஃப்ட் சரியான பிறகும் எண்ணெய் போடுகிறேன் என்று வாரத்துக்கு இரண்டு தடவை வந்தார். எங்கள் லிஃப்ட் மாதிரி எண்ணெய் குடித்த லிஃப்ட் உலகத்திலேயே இருக்காது. நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாற்பத்திரண்டு வயதில் வாய் நிறையச் சொந்தப் பல். நான் பார்த்தவுடன் எண்ணிவிட்டேன்.

ஒருநாள் கருவிப் பையைத் திறந்து, ஸ்பேனர்களுக்கு நடுவிலிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்து மேசைமேல் விட்டார். "எங்க வீட்டு நாய் ஆறு குட்டி போட்டுச்சுங்க. இதுதான் இருக்கிறதுலயே வாலு. உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தியாச்சே" என்றார் அவளிடம். அவள் தூக்கிக் கொஞ்சினாள். ஒரு மணி நேரத்தில் பத்து விரலிலும் ரத்தப் புள்ளி. "இது பல்லா, குண்டூசியா?" என்று சிரித்தாள். அதுவே பெயராக நின்றுவிட்டது.

அவளுக்குக் கொஞ்சத் தெரியும், வளர்க்கத் தெரியாது. வளர்த்தது நான். ஈரத்துணியை முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்துக் கடிக்கக் கொடுத்தேன். ஈறு மரத்து அடங்கும். முழு கேரட், கெட்டி ரப்பர் வளையம். செருப்பை உயரத்தில் ஏற்றினேன். நாற்காலிக் காலில் கசப்புத் தடவினேன். வாயில் எதையாவது கவ்விக்கொண்டு ஓடினால் துரத்துவதில்லை, பிடுங்குவதில்லை. வேறொன்றைக் காட்டினால் அதுவே போட்டுவிடும். ஒரு நோட்டுப் போட்டுத் தினமும் எழுதினேன், இன்றைக்கு எதைக் கடித்தது, எத்தனை தடவை என்று. குட்டிக்குப் பதினோரு வாரம் ஆனபோது மெழுகுத் தகட்டைக் கதகதப்பாக்கி நீட்டினேன், நன்றாகக் கவ்வியது. அந்தத் தடத்தில் பிளாஸ்டர் வார்த்து, விட்டுப்போனதைக் கையால் செதுக்கி, மேலும் கீழுமாக இருபத்தெட்டுப் பல்லையும் கொண்டுவந்துவிட்டேன். தங்கை கண்ணில் நீர் வரச் சிரித்து, அதை அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள். அப்போது என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

அதற்குப் பிறகு ஒருநாள், மெழுகில் பல் அடுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அடுத்த மாசம் பதிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம் அண்ணா."

நல்லது என்றேன். எனக்குப் பயம் வந்தது சார். ஒளிப்பானேன். எதிர் நாற்காலி காலியாக இருப்பதை நினைத்துப் பார்த்தேன், நான் அடுக்கிய பல் வரிசை கோணிப்போனது. வரிசை கோணினால் என் தொழில் அவ்வளவுதான்.

மறுநாள் குண்டூசி திருமணப் பதிவு விண்ணப்பத்தைக் குதறிவிட்டது. இது அது செய்ததுதான், என் கை இதில் இல்லை. சோபாவில் போட்டுவைத்தது அவள் தப்பு. புதுப் படிவம் வாங்கி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, மறுபடி நாள் கேட்டு வர இரண்டு வாரம் ஆனது. ஒருவருக்கும் கோபம் இல்லை. "குட்டிக்கு இஷ்டம் இல்ல போலிருக்கு" என்று லிஃப்ட்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த இரண்டு வாரமும் நான் நன்றாகத் தூங்கினேன். பல் முளைக்கிற குட்டி இருக்கிற வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இனி அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பேன். ஆனால் என் வேலை எனக்கே எதிரியாக வந்தது. பிறந்து நான்கு மாதம் பதினெட்டாவது நாள் குண்டூசி கடிப்பதை நிறுத்திவிட்டது. தன்னுடைய வளையத்தையும் துணியையும் தவிர எதையும் தொடவில்லை. முகத்துக்கு முன்னால் செருப்பை வைத்துப் பார்த்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தது. இரண்டரை மாத உழைப்பு சார். நோட்டில் தேதி போட்டுக் கோடு இழுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நல்ல வேலையைச் செய்து முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வேலை தெரிந்தவனுக்குத்தான் புரியும்.

அலமாரியில் இருந்த அச்சைப் பார்த்து உலோகத்தில் ஒன்று வார்த்தேன். ஒரு பெரிய இடுக்கியின் இரண்டு தாடையிலும் மேல்வரிசை, கீழ்வரிசையாகப் பொருத்தினேன். முதலில் தங்கையின் பிறப்புச் சான்றிதழ். நகல் வாங்க மூன்று வாரம் ஆனது. பிறகு பதிவு அன்றைக்குப் போட வாங்கிவைத்திருந்த புதுச் செருப்பு. அது அவளைக் கொஞ்சம் அழவைத்தது. எனக்கும் சங்கடமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் எல்லார் முன்னாலும் குண்டூசியைத் திட்டினேன். திட்டு வாங்கிப் பழகாத குட்டி, பாராட்டு என்று நினைத்து வாலை ஆட்டும்.

லிஃப்ட்காரர், "இனிமே காகிதமெல்லாம் எங்க வீட்டுல இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். போகும்போது வாசலில் நின்று, "அண்ணா, நீங்களும் எங்களோடயே வந்துருங்க. பின்னாடி ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. மேசையையும் தூக்கிட்டு வந்துரலாம்" என்றார்.

மனசார அழைத்தார். நானும் மரியாதைக்குப் போய்ப் பார்த்தேன். விசாலமான அறை, ஆனால் ஜன்னலுக்கு எதிரே மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சுவர். வெளிச்சம் மஞ்சளாக விழுகிறது. அதில் பல்லின் நிறம் பார்க்க முடியாது. வெளிச்சம் மட்டும் சரியாக இருந்திருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பதிவு வியாழக்கிழமை என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட வந்தார். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனார்கள். தங்கை கதவோரமாக நகர்த்தி வைத்த பையில், லிஃப்ட் குழிக்குள் தொங்கி வேலை செய்யும்போது மாட்டிக்கொள்கிற பெல்ட் இருந்தது. அவர் அதை மாட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கொக்கியை ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்ப்பார். தோளில் வைத்துத் தைத்த மெத்தைக்கு அடியில் பார்க்கமாட்டார். எனக்குக் கால் மணி நேரம் கிடைத்தது, அது போதுமானதாக இருந்தது.

காலில் கட்டுப் போட்டு ஒரு மாதம் படுத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் நேற்று உங்களிடம் சொன்னேன். ஆனால் அன்றைக்கு ஆறாவது மாடியில் வேலை என்று சாப்பிடும்போதே அவர் சொல்லியிருந்தார். எந்த மாடி என்று கேட்டதே நான்தான்.

அன்று சாயங்காலமே வார் அறுந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்தார், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அது வியாழக்கிழமை.

பெல்ட்டில் நாய் கடித்த தடம் இருக்கிறது என்று அவருடைய கம்பெனி ஆள் வந்து சொன்னபோது, தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பைய நான்தான் கதவோரம் வெச்சேன். நான்தான் வெச்சேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, துடைப்பத்தை எடுத்து, குண்டூசியை அடித்தாள். அதுவரை அதன்மேல் யாரும் கை வைத்ததில்லை. ஓடக்கூடத் தெரியாமல் நின்று, அவள் கையை நக்கியது. நான் போய்த் துடைப்பத்தை வாங்கினேன். செய்த அந்த நொடியிலேயே சொன்னால்தான் நாய்க்குப் புரியும், நாள் கழித்து அடிப்பதில் பிரயோஜனம் இல்லை என்று எடுத்துச் சொன்னேன்.

பத்து நாள் அவள் அறையை விட்டு வரவில்லை. பதினோராம் நாள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கைப் பற்றவைத்து மெழுகைச் சூடாக்கினாள். பாதியாக இளைத்திருந்தாள், ஆனால் உட்கார்ந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது சார். என் பல் வரிசை மறுபடி நேரானது. ஆறு வாரம் அப்படி ஓடியது.

போன வாரம் கம்பெனி ஆள் பெல்ட்டின் படங்களைக் கொண்டுவந்தார். எங்கள் நாய் கடித்ததுதான் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவள் பேனாவை எடுத்தாள், கீழே வைத்தாள், படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு தன் அறைக்குப் போய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள். அரிசி அரிசியாகப் பல். குண்டூசிக்கு விழுந்த பால்பல்லைப் பொறுக்கிச் சேர்த்து, பெட்டிமேல் ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதிவைத்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. கடைசிக் கோரைப்பல் விழுந்தது பெல்ட்டுக்கு மூன்று வாரம் முன்னால். குண்டூசியைக் கூப்பிட்டு வாயைத் திறந்து பார்த்தாள். உள்ளே பெரிய நாயின் பல், கட்டை விரல் நகம் அளவுக்கு. படத்தில் இருந்தது குண்டூசி குத்திய மாதிரி ஓட்டைகள்.

முப்பத்தோரு வருடம் பல்லோடு வாழ்ந்தவன் செய்யக் கூடாத தப்பு அது. நாய் வளர்ந்தது, என் அச்சு வளரவில்லை. கடிப்பதை விட்ட பிறகு நான் அதன் வாயைத் திறந்தே பார்க்கவில்லை.

அவள் அலமாரியைப் பார்த்தாள். அச்சு அங்கேதான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணா, குண்டூசி எப்போ கடிக்கிறத விட்டுச்சு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இன்னும் விடவில்லையே என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அவள் நம்பாவிட்டாலும் நீங்கள் நம்பியிருப்பீர்கள். ஆனால் அத்தனை மாதத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, தேதி போட்டுக் கோடு இழுத்த பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

அவள் படித்தாள். சான்றிதழ், செருப்பு என்று விரல் விட்டு எண்ணினாள். அழுகை அப்போதுதான் வந்தது. "அப்போ நான் அத அடிச்சேனே அண்ணா" என்றாள். அச்சையும் நோட்டையும் பையில் போட்டு, குண்டூசியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கிப் போனாள். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது, படியில் போனாள். நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறாள். இப்போது லிஃப்ட்காரர் வீட்டில் அவருடைய அம்மாவோடு இருப்பதாக நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தப் பின்னறையின் மஞ்சள் வெளிச்சத்தில் அவளுக்குக் கண் வலிக்கும், சொல்லிவிடுங்கள்.

தம்பி எழுதிய வாக்குமூலத்தைப் படித்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது. அவரைக் கொன்றது நான்தான், அதில் மாற்றம் இல்லை. ஒரே ஒரு இடத்தை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். 'பழக்கப்படாத நாய்க்குட்டியின் மீது பழிபோட்டு' என்று எழுதியிருக்கிறார். பழிபோட்டது உண்மை. பழக்கப்படாத என்பது தப்பு. அன்றைக்கு நான் பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு இடுக்கியால் கடித்துக்கொண்டிருந்த கால் மணி நேரமும் குண்டூசி என் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. வார் ஒரு தடவை நழுவி அதன் மூக்குக்கு நேரே தரையில் விழுந்தது. தொடவே இல்லை சார். அப்படி வளர்த்திருக்கிறேன்.