பளபளப்பு போன பிள்ளையார்

எனக்குத் தூசி ஆகாது சார். இந்த நாற்காலியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன், தப்பாக நினைக்காதீர்கள்.

விருத்தாசலத்தில் என் பீங்கான் பட்டறையில் ஒரு வழக்கம். சூளை பற்றவைக்குமுன் முதல் தட்டில் ஒரு பிள்ளையாரை வைப்போம். சூடு ஆறி வெளியே வரும்போது அவர் முகம் மின்னினால், கொலு பொம்மைகள் மொத்தமும் தேறிவிட்டன என்று அர்த்தம்.

போன ஆடியில் சூளை எரிக்க, பழைய டயரைக் காய்ச்சி எடுக்கிற மலிவான எண்ணெய்க்கு மாறினேன். அதில் கந்தகம் கொஞ்சம் அதிகம். புகை கறுப்பாக வருகிறது என்று தெருவே திரண்டு வந்தது. நான் நாலு பேரை அனுசரித்துப் போகிறவன். புகைபோக்கியைப் பாதி அடைத்துவிட்டேன். போக வழியில்லாத கந்தகப் புகை, உருகிக்கொண்டிருந்த கண்ணாடிப் பூச்சின் மேலேயே படிந்தது. பிள்ளையார் சாம்பல் அப்பியவர் மாதிரி மங்கி வந்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை சார்.

புகைக்கு வேறு வழி வேண்டுமே. சுவரில் துளை போட்டு, பக்கத்துப் பேக்கிங் ஷெட்டுக்குள் குழாய் விட்டேன். அங்கே சிந்தாமணி ஒருத்திதான். பொம்மைகளை வைக்கோல் சுற்றி அடுக்குவாள். ஒரு மூக்குகூட உடைத்ததில்லை, அவ்வளவு பதவிசு.

"மொதலாளி, நெஞ்சு அடைக்குதுங்க. கதவத் தொறந்து வெச்சிக்கிறேங்க."

"தெருவுல பொக தெரியும்மா. இந்த ஒரு சூளை முடியட்டும்."

தலையாட்டினாள். ஆனாலும் திறந்து திறந்து வைத்தாள். அதனால் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். கொஞ்ச நேரம் தட்டினாள். காதில் விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பூச்சு உருகுகிற நேரம் சார், அப்போது குழாயை அடைத்தால் சரக்கு பாழ். அப்புறம் தட்டவில்லை. பழகிக்கொண்டாள் என்று டீ சொன்னேன்.

திறந்தபோது கதவோரம் கிடந்தாள். கையிலிருந்த பொம்மையில் ஒரு கீறல் இல்லை. நெஞ்சடைப்பு என்று அவள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். அவளே சொன்ன வார்த்தைதானே.

மறுநாள் சூளை பிரித்தோம். பிள்ளையார் முகத்தைப் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. காரியத்தன்று அதையே கொண்டுபோய் அவள் புருஷன் சாமிதுரை கையில் கொடுத்தேன். "வெச்சிக்கப்பா, அவ கடைசிச் சூளையில வந்தது" என்றேன். அவன் அதைத் தரையில் ஓங்கி அடித்தான்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். புகையை விட்டது நான், தாழ் போட்டது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பிள்ளையாரை உடைத்தவனை இன்னும் ஏன் பிடிக்கவில்லை?