முழங்காலில் நின்று குடித்த வைன்

மன்னாரிலிருந்து அரிப்பு என்ற கடலோர ஊருக்குப் போகும் பஸ். போர் முடிந்து ஊருக்குத் திரும்பி வீடு கட்டத் தொடங்கியிருந்த சனம் கூரைத் தகரங்களோடு ஏறியிருந்தது. எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள்.

"முழங்காலில நிண்டுதான் குடிச்சனாங்கள்," என்றாள் மூத்தவள். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"வைனையோ அக்கா?"

"ஓம். பூசையில பாதர் குடிக்கிறதைத்தானே கண்டிருக்கிறம். கதிரையில இருந்து குடிக்க மனம் வரேல்லை."

"ஆர் தந்தது?"

"மகன் போர்த்துக்கலில இருந்து ஒரு ஆளிட்டைக் குடுத்துவிட்டவன். அவன் வேலை செய்யிற கொடிமுந்திரிகைத் தோட்டத்துப் பழத்தில செய்ததாம்."

"இனிப்போ?"

"இல்லை, புளி. விழுங்கின பிறகு நாக்கில உப்பு நிக்குது."

"பழுதாப் போச்சோ?"

"நானும் அப்பிடி நினைச்சுப் போனில கேட்டனான். கடல்காத்து கொடியில படுகிறதாலயாம்."

ஜன்னல் பக்கம் கடல் தெரியத் தொடங்கியது. இளையவள் இன்னும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடலுக்குக் கிட்டத்தான் இருக்கிறன் அம்மா எண்டு ஒவ்வொருக்காவும் சொல்லுவான். நான் கவலைப்படக் கூடாதெண்டு சும்மா சொல்லுறான் எண்டு இருந்தனான்," என்றாள் மூத்தவள். "இப்ப நம்பிறன்."