சந்தனம் இருக்கு, காத்து இல்ல

பேச்சுக்கு நடுவுல உங்களை அஞ்சு நிமிஷம் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன். குட்டிக் கதைதான். உங்க கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

அங்க இசக்கிராஜான்னு ஒருத்தன். இருபத்தாறு வயசு. பகல்ல ஆபீஸ் வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வந்தா ஒரு கம்ப்யூட்டர். அதுலதான் கேம் விளையாடுவான். அதுலதான் குறும்படங்களுக்கு இசையும் போடுவான். ஏழு வருஷமா அதே பெட்டி.

ஏழு வருஷம்னா கம்ப்யூட்டருக்கு என்ன வயசு? ரிட்டயர்மென்ட் வயசு. கேம்ல மத்தவங்க எல்லாரும் ஓடிப் போய் சண்டை போட்டு முடிச்சிருப்பாங்க... இவன் மட்டும் நடுரோட்டுல அப்படியே நிப்பான். கூட விளையாடறவங்க அவனுக்கு 'சிலை'ன்னு பேரே வச்சிட்டாங்க. "சிலை வந்தாச்சா? ஒரு மாலையைப் போட்டு ஓரமா வைங்கப்பா."

அதைக்கூடத் தாங்கிக்கிட்டான். தாங்க முடியாதது பாட்டு. வயலின், தவில், குரல்னு ஒண்ணு மேல ஒண்ணா இருபது ட்ராக் சேர்ப்பான். பெட்டி சூடேறும். பழைய பஸ் மலை ஏறுற மாதிரி ஒரு சத்தம் வரும். அப்புறம்... டப். அணைஞ்சிடும். ஒரு குறும்படத்துக்குத் திங்கக்கிழமை இசை கொடுத்தாகணும். முதல் முறையா படத்துல அவன் பேரைப் போடறோம்னு சொல்லியிருக்காங்க. பாட்டு பாதியில நிக்குது.

என்ன பண்ணுவான்? எட்டு மாசமா யோசிச்சதைத்தான் திரும்ப யோசிச்சான். மாத்தலாமா, வேணாமா? கேம் நண்பர்கள் கிராபிக்ஸ் கார்டை மாத்துன்னாங்க. இசை நண்பர்கள் ரேமைக் கூட்டுன்னாங்க. ரெண்டு கோஷ்டியும் ஒத்துப்போன ஒரே விஷயம், இந்தப் பெட்டி செத்துப்போச்சு.

கடைசியில ஒரு முடிவுக்கு வந்தான். வீட்டுல வாசிக்கிற கீபோர்டு ஒண்ணு இருக்கு. தட்டச்சு பண்றது இல்லைங்க, கருப்பு வெள்ளைக் கட்டை வச்சது. பத்தாவது படிக்கும்போதுலேர்ந்து அவன் போட்ட மெட்டெல்லாம் அதுல பிறந்ததுதான். அதை வித்துட்டு கம்ப்யூட்டரை மாத்திடலாம்னு முடிவு பண்ணிட்டான். ஞாயித்துக்கிழமை காலையில வந்து எடுத்துக்கறேன்னு ஒருத்தர் சொல்லியும் விட்டாரு.

பாட்டு போடற பெட்டிக்காக, பாட்டு பிறக்கிற இடத்தை விக்கிறான். கவனிச்சீங்களா?

சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஜெபக்கனியோட கடைக்குப் போனான். ஜெபக்கனி அவன்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவ, இப்ப கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கா. என்னென்ன மாத்தணும்னு ஒரு பட்டியலையே நீட்டினான். அவ பட்டியலை வாங்கி மேசையில கவுத்து வச்சிட்டு, பெட்டியோட முன்பக்க மூடியைக் கழட்டினா.

"ஏல இசக்கி... இது என்னது?"

"ஆயுத பூஜைக்கு வச்சது."

"எந்த ஆயுத பூஜைக்கு?"

"...எல்லா ஆயுத பூஜைக்கும்."

அந்தப் பெட்டிக்கு முன்பக்கம் ஒரு வலை இருக்கும். உள்ள இருக்கிற ஃபேன் அது வழியாத்தான் காத்தை இழுக்கும். நம்ம ஆளு ஏழு ஆயுத பூஜைக்கும் பயபக்தியோட, குழைச்ச சந்தனத்தை மூணு விரலால எடுத்து... அந்த வலை மேல அப்பியிருக்கான். ஏன் அங்க? அங்கதான் நல்லா ஒட்டுது! அது காஞ்சு, தூசி சேர்ந்து, சுவர் மாதிரி ஆயிடுச்சு. உள்ள ரெண்டு பொரி வேற கிடந்துச்சு.

ஜெபக்கனி சொன்னா: "விபூதி இருக்கு, சந்தனம் இருக்கு, குங்குமம் இருக்கு. காத்து மட்டும் இல்லலே."

ஒரு மணி நேரம் சுரண்டி, ஊதி, துடைச்சு மாட்டினா. இருபது ட்ராக்... ஓடுச்சு. இருபத்தஞ்சு... ஓடுச்சு. முப்பது. பெட்டி மூச்சு வாங்கல. புதுசா வர்ற கேமுக்கெல்லாம் இது ஆகாது, அதுல நீ சிலைதான், ஆனா பாட்டுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும்னு சொல்லிட்டா.

இசக்கி கடைப் படியில நின்னு போன் பண்ணினான். "அண்ணாச்சி, மன்னிச்சிடுங்க. கீபோர்டு கொடுக்கல. எனக்கு அது வேணும்."

சரி... மகளிர் தின விழாவுல வந்து இந்தக் கதையை எதுக்குச் சொல்றேன்?

இசக்கி அந்தப் பெட்டியை மதிக்கலையா? மதிச்சான்ங்க. வருஷா வருஷம் மதிச்சான். ஆனா ஒரு நாள்கூடத் திறந்து பாக்கல. அது மட்டுமா? மரியாதைக்கு எடுத்த சந்தனத்தையே காத்து வர்ற வழியில வச்சான். அப்புறம் பெட்டி மெதுவா ஓடுதுன்னு பெட்டியைக் குறை சொன்னான்.

இன்னைக்கு வாசல்ல எல்லாப் பெண்களுக்கும் ரோஜா கொடுத்தீங்க. சந்தோஷம். கோலப் போட்டி வச்சீங்க. அதுக்கு எந்த நேரத்தை எடுத்தீங்க? அவங்க சாப்பாட்டு நேரத்தை.

விழா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்னை மூணாவது மாடியில, பில்லிங் பிரிவுல உக்கார வச்சிருந்தீங்க. படியேறும்போது ஒருத்தர் சொன்னாரு, "பில்லிங்ல வேலை ரொம்ப மெதுவா நடக்குது மேடம், புது ஆள் எடுக்கலாமான்னு யோசிக்கிறோம்." பேரைச் சொல்ல மாட்டேன். அவர் டீ குடிச்சிக்கிட்டிருக்காரு, குடிக்கட்டும்.

அந்த அறையில பத்தொன்பது பெண்கள். ரெண்டு ஜன்னல். ஒரு ஜன்னலை பீரோ மறைச்சிருக்கு. இன்னொண்ணை... வெளியில தொங்குற பெரிய பேனர் மறைச்சிருக்கு. உள்ளேயிருந்து பார்த்தா எழுத்து இடம் வலமா மாறித் தெரியுது. கஷ்டப்பட்டுப் படிச்சேன்.

'மகளிரைப் போற்றுவோம்'.

மேனேஜர் சார்... பேனர் ரொம்ப நல்லா இருக்கு. கீழ வாசல்ல கட்டினா இன்னும் நல்லா இருக்கும். கூட்டம் முடிஞ்சதும் நாலு கயிறை அவிழ்த்தா போதும். பீரோவைத் தள்ள நானும் ஒரு கை பிடிக்கிறேன்.

சந்தனத்தை நெத்தியில வைங்க சார். ஜன்னல்ல வேணாம்.