இருபது நிமிஷ ரீல்

புரொஜெக்டர் அறையில் முன்பெல்லாம் நாற்காலியே கிடையாது, சார். உட்கார நேரமில்லாத இடத்தில் நாற்காலி எதற்கு? இரண்டு மெஷின் இருக்கும். ஒன்றில் படம் ஓடும்போது மற்றதில் அடுத்த ரீலைக் கோத்து வைக்க வேண்டும். ஒரு ரீல் இருபது நிமிஷம். முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தும் ஒரு படத்தை முழுசாகப் பார்த்ததில்லை. கதாநாயகியின் அப்பாவைக் கொன்றது யார் என்று தெரியாமலேயே ஒரு படத்தை நூறு நாள் ஓட்டியிருக்கிறேன்.

வீடு தியேட்டருக்குப் பின்தெருவில்தான். என் மனைவிக்கு நுரையீரல் கெட்டு ஆறு வருஷமாகிறது. மூக்கில் குழாய், கட்டிலோரம் இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர். ஒன்று தீரும் சமயத்தில் குழாயை மற்றதற்கு மாற்றியாக வேண்டும். அவள் கையில் அதற்கு வலுவில்லை. போன் செய்வாள். அடுத்த ரீலைக் கோத்து வைத்துவிட்டு ஓடுவேன். மாற்றிவிட்டு, முதுகைத் தடவி, இரண்டு வாய் வெந்நீர் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். திரை ஒருநாளும் வெள்ளையாக நின்றதில்லை. அவளும் ஒருநாளும் மூச்சுக்குத் தவித்ததில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன்" என்பாள்.

"ரீல் முடியப் போகுதும்மா."

உடனே என் கையை விட்டுவிடுவாள். என் வேலைக்கு அவ்வளவு மரியாதை. தெருமுனைக்கு வந்துதான் நான் மூச்சே விடுவேன். அலுத்துப்போயிருந்தேன், சார். வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

அப்புறம் டிஜிட்டல் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "அண்ணே, காலையில ஒரு பட்டனை அமுக்கினா போதும். லைட்டைக்கூட அதுவே அணைச்சுக்கும். இனிமே நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போய் அக்காகூட உக்காந்திருக்கலாம்." நல்ல மனுஷன். அறைக்கு ஒரு நாற்காலியும் வாங்கிப் போட்டார்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என் இருபது நிமிஷம் இரண்டரை மணி நேரமாகிவிடும். ஏழு மாதம் இல்லாத ரீலைச் சொல்லியே கட்டிலை விட்டு எழுந்து வந்தேன்.

அன்று மதியக் காட்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"என்னங்க, சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு."

"ஃபிலிம் அறுந்துபோச்சும்மா. ஒட்டிக்கிட்டிருக்கேன். பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

"அவசரப்படாதீங்க. கையைச் சுட்டுக்கப்போறீங்க" என்றாள்.

மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். மறுபடி அழைத்தாள். பிறகு எதிர்வீட்டு அம்மாவின் நம்பரிலிருந்து நாலு தடவை வந்தது. எடுக்கவில்லை. படத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். பரவாயில்லை, பார்க்கலாம். அண்ணன் தம்பி கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள்.

எதிர்வீட்டு அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனரைத் தேடி வீட்டையே தலைகீழாகப் புரட்டினாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டதாம். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஸ்பேனர் என் சட்டைப் பையில் இருந்தது.

நேற்று நீங்கள் கேட்டபோது, மறதியாக எடுத்து வந்துவிட்டேன் என்றேன். அது பொய். அன்று காலை அவளுக்குத் தலை வாரிவிட்டேன். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன். மதியம்வரைதான் வரும். அதைப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆனால் இந்த ஆறு வருஷத்தில் அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.