பாலம் வருதுன்னு சொல்லலியே

இங்கதான நிக்கிற மெலூலி? பதில் சொல்லாட்டிப் போ. கோவத்துல இருப்ப, தெரியுது. பாலம் வருதுன்னு உங்கிட்ட சொல்லாம விட்டது என் தப்புதான். தூங்கிட்டேன்டா. வெயிலு, பஸ்ஸு ஆட்டம், கண்ணு அதுவாச் சொக்கிடுச்சு. முழிச்சுப் பாத்தா க்வாயி ஆறு எங்கயோ பின்னாடி போயிடுச்சு. பக்கத்து சீட்டு வெறிச்சுன்னு இருக்கு. எனக்கு உயிரே போயிடுச்சு.

பஸ்ஸ நிறுத்துன்னு வாயத் தொறந்து என்னால சொல்ல முடியுமா? சித்தப்பா என்ன சொல்லி அனுப்புனாரு? ஆறு வந்தா தம்பிகிட்ட சொல்லு, திருப்பம் வந்தா சொல்லு, வீடு வந்து சேர்ற வரைக்கும் வேற ஒரு ஆள்கிட்ட ஒரு வார்த்தை பேசாத, வழியில அழாதன்னாரு. அதனால எந்திரிச்சு நின்னு பஸ் கூரையத் தட்டுதட்டுன்னு தட்டினேன். கண்டக்டர், என்னக்கா, வயித்தக் கலக்குதான்னு கேக்கறான். ஆமான்னு தலையாட்டினேன். பஸ்ஸே சிரிச்சுது. சிரிக்கட்டும். புதர்ப்பக்கம் ஒதுங்கறவ மாதிரி எறங்கி, அப்படியே இந்தப் பக்கம் நடையக் கட்டிட்டேன். கொஞ்ச நேரம் ஹாரன் அடிச்சுப் பாத்தாங்க, அப்புறம் போயிட்டாங்க. உனக்காக எவ்ளோ தூரம் நடந்திருக்கேன் பாரு, செருப்பு வாரு வேற அந்துபோச்சு.

சரி வா. இப்ப ஒழுங்காச் சொல்றேன், கேட்டுக்கோ. இது க்வாயி ஆறு. நாம பாலத்தத் தாண்டறோம். நம்ம வீடு அந்தப் பக்கம். எங்கூட வா.

கைப்பிடிச் சுவர் ஓரமாவே வா. லாரிக்காரனுங்க கண்ணு மண்ணு தெரியாம வருவானுங்க. கீழ பாக்காத. தண்ணியப் பாத்தா நீ நின்னுடுவ, உன்ன எனக்குத் தெரியாதா.

எத்தன தடவ கூப்பிட்ட, ஜபு அக்கா, ஒரு வாட்டி வந்து அருவியப் பாருன்னு. மாட்ட யாரு பாத்துக்குவா, சோளத்துக்குக் களை எடுக்க யாரு இருக்கான்னு நானும் தட்டிக் கழிச்சேன். கடைசில நேத்து பாத்தாச்சு. உங்க அருவி ஊர்ல காட்டுப்பன்னி போஸ்ட் ஆபீஸ் வாசல்ல முட்டி போட்டுப் புல்லு மேயுது, ஜெபம் பண்ற மாதிரி. சுட்ட சோளக்கதிர் ஒண்ணு வாங்கினேன், ஒரு கடி கடிக்கல, குரங்கு புடுங்கிட்டுப் போயிடுச்சு. திட்டவும் முடியல, பேசக் கூடாதே. ரோட்டக் கடக்குற யானைக்காக எல்லாரும் காரை நிறுத்திட்டுக் காத்திருக்காங்க. நம்ம அப்பா வந்தாகூட யாரும் அப்படி நிறுத்த மாட்டாங்க.

அருவி கேட்டுல ரெண்டு வெரலக் காட்டி ரெண்டு டிக்கெட் வாங்கினேன். அந்தப் பொண்ணு எனக்குப் பின்னாடி எட்டிப் பாத்துட்டு, என் மொகத்தப் பாத்துட்டு, ஒண்ணும் கேக்காம கிழிச்சுக் குடுத்துடுச்சு. மழைக்கோட்டு வாடகைக்கு எடுக்கலியான்னு ஒருத்தன் பின்னாலயே வந்தான். நனையட்டும்னு தலைய ஆட்டிட்டுப் போயிட்டேன்.

அழகாத்தான்டா இருந்துச்சு. அதான் எனக்கு ஆத்திரமா வந்துச்சு. அந்தத் தண்ணிக்கு அவ்ளோ அழகா இருக்க என்ன உரிமைன்னு தோணுச்சு. போட்டோ எடுக்கறாங்க, கல்யாண ஜோடி ஒண்ணு வானவில்லுக்குக் கீழ நிக்குது. அந்த எரைச்சல்ல என் கொரலே எனக்குக் கேக்கல. மொகமெல்லாம் சாரல். அங்க கொஞ்சம் அழுதுட்டேன், சித்தப்பாகிட்ட சொல்லிடாத. எது சாரல், எது கண்ணீருன்னு அங்க யாரு கண்டா.

அப்புறம் உன் கூட்டாளி லவ்மோர் படகுல அருவிக்கு மேல ஆத்துக்குள்ள கூட்டிட்டுப் போனான். நல்ல பையன். நீர்யானைக் கூட்டம் நிக்கற எடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டு, இங்கதான் அக்கான்னான். அங்க வெச்சுத்தான உன்னக் கூப்பிட்டேன். மெலூலி, அம்மா தேடுறா, வீட்டுக்குப் போலாம்னு. வந்தியே. அவ்ளோ நல்லா வந்துட்டு, என் தூக்கத்தால இங்க நின்னுட்டியே.

உனக்கு அந்த ஆறுதான் புடிக்கும்னு தெரியும். ஆனா அம்மாவ நெனச்சுப் பாரு. போன லீவு முடிஞ்சு கெளம்பறப்ப நடுரோட்டுல வெச்சு அவ கட்டிப் புடிச்சா, நீ நெளிஞ்ச. பஸ்ஸுல பொண்ணுங்க பாக்குதாம். அந்த நெளிசலச் சொல்லிச் சொல்லித்தான் இப்பவும் அழறா. நீ வீட்டுக்குள்ள வர்ற வரைக்கும் அவ கண்ண மூட மாட்டா.

பாலம் முடிஞ்சிடுச்சுடா. தாண்டிட்டோம்.

அங்க ஒரு பஸ் வருது பாரு. நிறுத்திட்டான். ரெண்டு வெரல் காட்டிட்டேன், எங்க இன்னொரு ஆளுன்னு முழிக்கிறான். முழிக்கட்டும். இந்தா, இந்தக் கிளையக் கெட்டியாப் புடிச்சுக்க. சித்தப்பா நம்ம தொழுவத்துக்குப் பின்னாடி இருக்கற முள்ளு மரத்துல வெட்டிக் குடுத்தது, உன் ஆவிய இதுல ஏத்திட்டு வரச் சொல்லி. அந்த நீர்யானை கவுத்த படகு கெடச்சுது, நீ கெடைக்கல. உன் ஒடம்பு ஒரு துண்டு கெடைச்சிருந்தாலும் வேற மாதிரி கொண்டுபோயிருப்போம். இப்ப வீட்டுல வெட்டி வெச்சிருக்கற குழிக்கு இதான் நீ.

பஸ்ஸுல முழிச்சப்ப இது துரும்பா இருந்துச்சு. இப்ப கை கனக்குது. அப்ப நீ இதுல ஏறிட்ட.

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்க. அடுத்தது லுபானே, அங்க எறங்கணும், சொல்றேன், இனிமே தூங்க மாட்டேன். அம்மா வாசல்லதான் நிப்பா. முள்ளுன்னு எல்லாரும் தடுப்பாங்க, கேக்க மாட்டா, இதத்தான் நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்குவா. இந்த வாட்டி நெளியாதடா.