படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

— ஐயோ அக்கா, ஈரக் கையோட தொட்டுராதீங்க! கீரைத் தண்ணி பட்டா மை கரைஞ்சிரும்.

— தொடல செல்வி, எட்டித்தான் பாக்கறேன். இன்னா இது, ஊரு பூரா ரத்தம் சிந்தின மாதிரி கீது?

— ரத்தமில்லக்கா, பச்சை. மரம், பயிரு, உசுரோட இருக்க எலை எல்லாம் இந்தப் படத்துல செவப்பாத்தான் தெரியும். சேட்டிலைட்டோட கண்ணு அப்பிடி.

— பச்சைய செவப்புன்றவனுக்கு டிரைவர் லைசென்ஸே குடுக்க மாட்டான். அத்தப் போய் மேல அனுப்பி வெச்சிகிறாங்களே!

— சிரிக்காதீங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் எலையில பட்டுத் திரும்புதாம். அதைத்தான் செவப்பாப் போட்டுக் காட்டுதாங்க. என் பச்சைத் துப்பட்டாவ வயக்காடு பூரா விரிச்சாலும் செவக்காது. உசுரு வேணும்.

— இதெல்லாம் கலெக்டராபீசுல இல்ல பூட்டி வெச்சிகினு இருப்பாங்க? கம்பெனியில செல்போன் பூட்டற பொண்ணு, உன் கையில எப்பிடி வந்துச்சி?

— முந்தி ஆபீசருங்க மட்டுந்தான் பாப்பாங்களாம். இப்ப ஆருனாலும் படிக்கலாம்னு காலேஜுல ஞாயித்துக்கிழமை கிளாஸ் வச்சிருக்காங்கல்லா. எனக்குப் பக்கத்து பெஞ்சுல படப்பையில டீக்கடை வச்சிருக்கவரு. சாரு ஆளுக்கொரு படத்தக் குடுத்து, "உங்க ஊரு, நீங்களே பாருங்க"ன்னுட்டாரு.

— உன் சூப்பர்வைசர் உடறானா?

— ஓ.டி.க்கு வரலன்னு மூஞ்சத் தூக்கிட்டுத் திரியுதாரு. திரியட்டும். லைன்ல நிக்கும்போதே எனக்கு இந்த நெனப்புத்தான்க்கா. கை பாட்டுக்கு ஸ்க்ரூ போட்டுட்டுக் கெடக்கும், நான் மேல மேல போயிருவேன். சங்குச் சத்தம்கூடக் கேக்காது. கீழ ஏரி கருப்பா, அசையாமக் கெடக்கும். ஊரே ஒறங்குத மாதிரி இருக்கும்.

— எனக்கும் ஒண்ணு வருது, கனா. கண்ண மூடினா எங்க நெலத்துல நிக்கறேன், முட்டி வரைக்கும் தண்ணி. முழிச்சா பாயில கீறேன். நாளைக்குக் கையெழுத்து போட்டுட்டா அதுவும் உட்டுடும்.

— நாளைக்கேவா?

— காலையில புரோக்கர் நரசிம்மன் கார் எடுத்துகினு வரான், ரெஜிஸ்தர் ஆபீசுக்கு. எங்கப்பா என் பேருல எழுதி வெச்ச நெலம், நான்தான் போடணும். செத்த மண்ண வெச்சிகினு இன்னா பண்றது?

— உங்க வீட்டுக்காரரு, அண்ணாச்சி என்ன சொல்லுதாங்க?

— "உன் நெலம், உன் இஷ்டம்"னுட்டு அந்தாண்ட திரும்பிக்குவாரு. ரெண்டு வருசம் முன்னாடி கத்திரி வெயில்ல, கெணத்தாண்ட மண்வெட்டியோட சுருண்டு உயுந்தாரு செல்வி. வாயில நொரை. பொழைச்சதே பெருசு. வல்லக்கோட்டை முருகனாண்ட கூட்டிகினு போயி கற்பூரம் அணைச்சி சத்தியம் வாங்கினேன், இனிமே மண்வெட்டியத் தொடக்கூடாதுன்னு. அப்பறம்தான் கம்பெனி கேட்டுல செக்யூரிட்டியாப் போனாரு. நானும் அந்தப் பக்கம் தலை வெச்சிப் படுக்கல.

— சரிக்கா, எனக்கொரு வழி சொல்லுங்க. படத்துல ஒரு எடத்தப் பிடிச்சு, நேர்ல போய்ப் பாத்து, அங்கன என்ன இருக்குன்னு எழுதிட்டு வரணும். பாக்காம எழுதுனா சாரு கிழிச்சுப் போட்டுருவாரு. நான் இந்தப் புள்ளிய எடுத்திருக்கேன். போன மாசம் எடுத்த படம். சுத்தி வெள்ளையா கம்பெனிக்கு மட்டம் பண்ணுன பூமி, நடுவுல பொட்டு வச்ச மாதிரி ஒண்ணே ஒண்ணு செவப்பு.

— வேலிகாத்தானா இருக்கும். முள்ளு எங்கியும் மொளைக்கும்.

— முள்ளு மங்கலாத் தெரியுமாம். தண்ணி பாஞ்ச எலைதான் இப்பிடிப் பழுத்த மொளகா நெறத்துல நிக்குமாம். இந்த வெயில்ல ஒத்தையில என்னது நிக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்க்கா.

— இரு, கீரைத்தண்டால காட்டறேன், கை படாது. இது கோயில் கொளம்தானே?

— ஆமா.

— அப்போ இப்பிடிக்கா வடக்குப்பட்டு ரோடு. இது ஏரிக்கரை. மழையில தண்ணி வழியற கலங்கல் இது. தாண்டினா வண்டிப்பாட்டை. மொதல்ல எங்க மாமன் பரசுராமன் நெலம், வித்தாச்சி. அடுத்தது சுப்பன் நெலம், அதுவும் போச்சி. அதுக்கு அடுத்து...

— என்னக்கா, தண்டு நின்னுபோச்சு?

— செல்வி. இது எங்க நெலம்.

— நல்லாப் பாருங்க.

— பொறந்ததுலேர்ந்து நடந்த வழிடி. மேலேர்ந்து பாத்தா மறந்துடுமா? கெணத்து மூலை இது. ஆனா கெணறுதான் வறண்டு கெடக்குதே!

— போன ஐப்பசியில ஊரே மெதக்குத மாதிரி மழை பெஞ்சுச்சுல்லா? ஊறியிருக்கும்.

— எட்டிப் பாத்திருந்தாத்தானே தெரியும். எவன் அங்க பயிர் வெக்கிறான்? என் நெலத்துல, எனக்குத் தெரியாம?

— அக்கா, ஒண்ணு கேக்கட்டா? மடியில இருக்க கீரை ஏது?

— இதா? அவரு எடுத்தாறதுதான், டெய்லி. கேண்டீன்ல மிஞ்சிப் போச்சின்னு.

— கேண்டீன்ல மிஞ்சுனது வேரும் மண்ணுமா, இம்புட்டு ஈரமாவா வரும்?

— சுண்ணாம்புக்கல்லு நொய்யி நொய்யியா கீது பாரு. இது எங்க கெணத்து மேட்டு மண்ணு. மாசக்கணக்கா நான் அலசிக் கொட்டினது எங்க மண்ணு செல்வி!

— அப்ப அண்ணாச்சி சத்தியத்த மீறிட்டாங்களா?

— எங்க மீறினாரு? மண்வெட்டியத்தான் தொட மாட்டேன்னாரு. களைக்கொட்டப் பத்தி முருகனாண்ட ஒண்ணியும் பேசலியே! டூட்டின்னு சொல்லிகினு கருக்கல்ல கெளம்பினதெல்லாம் இதுக்குத்தான். திருட்டு மனுசன்!

— அழுதியளா, சிரிக்கியளா?

— தெர்ல. அம்மாம் ஒசரத்துலேர்ந்து ஒண்ணு பாத்துடிச்சி. பக்கத்துல படுத்துகினு கீற நான் பாக்கல.

— சைக்கிள் மணி கேக்கு. அண்ணாச்சி வந்தாச்சு. படத்த மடிச்சிரட்டா?

— மடி. வாயத் தொறக்காத.

— இன்னா செங்கமலம், வெளக்குகூட போடாம குந்திகினு கீறீங்க? இந்தா, இன்னிக்கு அரைக்கீரை. கேண்டீன்ல மிஞ்சிப் போச்சி. நரசிம்மன் காலையில எப்போ வரானாம்?

— அவன வர வேணாம்னு சொல்லப்போறேன்.

— ஏன்? கையெழுத்து போட வேணாமா?

— சத்தியம் பண்ணது நீதானேய்யா, நான் இல்லியே? காலையில நீ களைக்கொட்ட எடுத்துகினு முன்னாடி நட. மண்வெட்டிய நான் தூக்கிகினு வரேன்.