மூன்றாவது குழாய்

ஒரு ஜோடி செருப்பு வாங்கவே ஆறு கடை ஏறி இறங்குகிறவன் நான். இதை என் மனைவி பெருமையாகவும் சொல்லியிருக்கிறாள், தலையில் அடித்துக்கொண்டும் சொல்லியிருக்கிறாள். அதனால் நீங்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு, "ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க" என்றபோது எனக்குத் திருப்தியாகவே இருந்தது. நடுவிலிருந்து கேட்கிறவர்களுக்கு எதையும் விளங்கவைக்க முடியாது.

தராசுகளைச் சரிபார்ப்பது என் உத்தியோகம். நகைக்கடைத் தராசிலிருந்து லாரி ஏறி நிற்கும் தராசு வரை என் முத்திரை இல்லாமல் எடை போட முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முத்திரைகூடத் தப்பியதில்லை.

என் கார் டர்போ வைத்தது. எஞ்சினில் எரிந்து வெளியேறும் புகையை வீணாக்காமல், அதைக்கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் இன்னும் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. அந்தப் புகையை மேலே ஏற்றிக்கொண்டுபோகும் முழ நீளக் குழாய்க்கு அப்-பைப் என்று பெயர். கம்பெனிக் குழாய்க்குள் புகையைச் சுத்தம் செய்யத் தேன்கூடு மாதிரி ஓர் அடைப்பு இருக்கும். வயதானால் அது உடைந்து டர்போவின் வாய்க்குள் போய்விடும். அதற்கு முன்பே வெளிக்கடைக் குழாய் ஒன்றை வாங்கி மாற்றிவிடுவது நல்லது என்று பலரும் சொல்கிறார்கள். இதுவரை நான் சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

எந்தக் குழாய் என்பதுதான் கேள்வி. நேர்க்குழாய் என்று ஒரு கட்சி. நடுவில் மடிப்பு வைத்து நெளியக்கூடிய குழாய் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் இணையத்தில் வெட்டுப்பழி குத்துப்பழியாக இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு அரை மணி நேரத்தில் சம்மதம் சொன்ன நான், இதற்கு ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டேன். "ஒன்பது மாசத்துல ஜனங்க பிள்ளையே பெத்துடறாங்க, நீங்க ஒரு குழாய் பெக்க மாட்டேங்கறீங்க" என்று அவள் கேலி செய்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் இரண்டாம் வகுப்பு டீச்சர். முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கிறார்களே, போதாதா என்பாள்.

கடைசியில் நேர்க்குழாய் வாங்கினேன். எனக்குப் பழக்கமான மெக்கானிக் மாட்டிக்கொடுத்தான். வண்டி சிறுத்தை மாதிரி பாய்ந்தது. அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட நாற்பது நிமிட ஓட்டம். மூன்றாம் நாளே சொன்னாள்.

"ஏங்க, தலை பாரமா இருக்கு."

"தண்ணி குடிக்கறதில்ல நீ."

இரண்டு வாரம் தண்ணீர் குடித்தாள். கண்ணாடி மாற்றினாள். ஒரு நாள் பிள்ளைகளின் கணக்குநோட்டில் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று எழுதியவர்களுக்கெல்லாம் தப்புப் போட்டுவிட்டாள். மறுநாள் முப்பத்தைந்து பேரிடமும் மன்னிப்புக் கேட்டதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து வண்டியைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். குழாயும் டர்போவும் சேரும் இடத்தில் கரிப்படலம்.

"அண்ணே, இது கசியுது. அண்ணி உக்கார்ற பக்கம் காலடில வயர் போற ஓட்டையில ரப்பர் வேற போயிருக்கு. புகை நேரா உள்ள வரும். இதைச் சரி பண்ற வரைக்கும் அண்ணியை ஏத்தாதீங்க. ஆளையே தூக்கிடும்."

இதை அவன் உங்களிடமும் சொல்லியிருப்பான். பொய் இல்லை, சொன்னான். நானும் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். கசிவு இருக்கிறது என்றான். எவ்வளவு என்றால் கையை விரிக்கிறான். எவ்வளவு என்று தெரியாத ஒன்றை நான் எப்படி ஏற்றுக்கொள்ள முடியும்? அளக்கும் கருவி விற்கிறார்கள். அறுபத்திரண்டு பேருடைய அபிப்பிராயம் படித்தேன். ஒருவன் நல்லது என்கிறான், ஒருவன் குப்பை என்கிறான். அதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு ஒன்பது மாதம் ஆகியிருக்கும்.

அப்போதுதான் கவனித்தேன். அவளுக்குத் தலைவலி சரியாகப் பதினெட்டாவது நிமிடம் தொடங்குகிறது. போல்ட்டை முறுக்கிவிட்டு ஓட்டினேன், இருபத்தாறாவது நிமிடம். தளர்த்திப் பார்த்தேன், பதினொன்று. எங்கள் அலுவலகத்தில் இருக்கும் எந்தத் தராசும் இவ்வளவு ஒழுங்காக முள் காட்டியதில்லை.

ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, போல்ட்டின் இறுக்கம், நிமிடம், வலி எந்தப் பக்கம். நான் என் பக்கத்து ஜன்னலை இரண்டு விரல் திறந்துவைத்துக்கொள்வேன், ஓட்டுகிறவனுக்குத் தலை தெளிவாக இருக்கவேண்டும் அல்லவா. அவளுக்குக் காதில் காற்றடித்தால் ஆகாது, அதனால் அவள் பக்கம் மூடியே இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பேன்.

"இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்லைங்க."

"பரவால்லன்னா? நெத்தியா, பின்மண்டையா?"

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிடும். பதினாறு வருடத்தில் நான் அவளை இவ்வளவு விசாரித்ததில்லையாம். தம்பியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "உங்க மாமா முன்ன மாதிரி இல்லடா. இப்பல்லாம் என் மேல அவ்வளவு அக்கறை." அன்று எனக்கும் மனசு நிறைந்துதான் போயிற்று.

மாத்திரை போடவேண்டாம் என்று சொன்னது நான்தான். மாத்திரை போட்டால் கணக்குக் குழம்பும். உடம்புக்கு ஆகாது என்று சொன்னேன், அதுவும் உண்மைதானே. டாக்டரிடமும் கூட்டிப்போனேன். வீட்டில் அடுப்புப் புகை உண்டா, ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டைப் பற்றித்தான் கேட்டார். வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டாவது வாங்கியது நெளிகுழாய். முப்பத்தொன்றாவது நிமிடம் வரை தாங்கியது. நல்ல முன்னேற்றம். ஆனால் பள்ளிக்கூட வாசலில் வாந்தி எடுத்தாள். குழாயா, சாப்பாடா என்று எனக்குச் சந்தேகம். நியாயமாகப் பார்க்கவேண்டும் என்று ஒரு வாரம் காலைச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னேன். வெறும் வயிற்றிலும் எடுத்தாள். ஆக, சாப்பாட்டின் மேல் பழியில்லை என்று தெளிவாயிற்று.

அந்த வாரம் மைத்துனன் போன் செய்தான். பல் கட்டுகிற வேலை அவனுக்கு, நுணுக்கமான ஆள்.

"மாமா, அக்காவுக்கு வண்டில ஏறினாத்தான் வலிக்குதாம். ஞாயித்துக்கிழமை வலிக்கவே இல்லையாம். வண்டியை யார்கிட்டயாவது காட்டுங்க மாமா."

"அதைத்தான்டா மாசக்கணக்கா பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, சொல்லுங்கள்.

அடுத்து வாங்கிய மூன்றாவது குழாயை மெக்கானிக் தொடமாட்டேன் என்றுவிட்டான். "அண்ணியை ஏத்தறதா இருந்தா வேற ஆளைப் பாருங்கண்ணே" என்றான். நானே மாட்டினேன். இணைப்பில் புகை கசியாமல் இருக்க வைக்கிற பழைய கேஸ்கட்டையே திரும்ப வைத்தேன். அது நைந்து போயிருந்தது தெரியும். ஆனால் குழாயையும் கேஸ்கட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், வித்தியாசம் எதனால் வந்தது என்று யார் சொல்வது? இது எங்கள் ஆபீசில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும்.

மைத்துனனுக்குப் பெண் பிறந்திருந்தது. பார்க்கக் கிளம்பினோம். இரண்டு மணி நேரப் பாதை. இவ்வளவு நீண்ட ஓட்டத்தில் நான் இதுவரை அளந்ததில்லை. அவள் குழந்தைக்குப் பின்னிய மஞ்சள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். மழை பிடித்தது. என் ஜன்னல் இரண்டு விரல் திறந்தபடிதான் இருந்தது.

நாற்பதாவது நிமிடம், "இன்னிக்கு வலியே இல்லைங்க, தூக்கம்தான் வருது" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்பது மாதமும் அதற்கு மேல் ஐந்து மாதமும் பட்ட பாடு. "தூங்கும்மா" என்றேன்.

ஐம்பத்திரண்டாவது நிமிடம் தொப்பி அவள் கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. கை அப்படியே தொங்கியது. கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், ஒருமுறை. பதில் இல்லை. அவள் பக்கத்து ஜன்னல் பொத்தான் என் கையருகில்தான் இருந்தது. ஆமாம், விரலை அதன்மேல் வைத்தேன். இறக்கியிருந்தால் அதுவரை வந்த அளவு வீணாகப் போயிருக்கும். விரலை எடுத்துவிட்டேன். இன்னும் அறுபத்தெட்டு நிமிடம் பாக்கி இருந்தது, ஓட்டி முடித்தேன்.

மைத்துனன் குழந்தையோடு வாசலுக்கு வந்து கார்க் கதவைத் திறந்தான். அவன் போட்ட சத்தத்தை அந்தத் தெருவே உங்களுக்குச் சொல்லியிருக்கும்.

நீங்கள் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். தேதி, நேரம், நிமிடக் கணக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாவது வரியில் மட்டும் 'அலட்சியத்தால் நேர்ந்த மரணம்' என்று இருக்கிறது. அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். என்னை அலட்சியக்காரன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.